தைத்து வைத்த அத்தியாயம்

உக்காருங்க சார். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. எஸ்தர் டீச்சர்தானே அனுப்பிச்சாங்க? நீங்க வாயைத் தொறக்க வேண்டாம், உங்களைப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. ஊருக்குப் புதுசு, காலேஜ்ல வேலை, நான் வெளிய வந்தப்புறம் வாசகர் வட்டத்துல சேந்த ஆளு. அந்த வட்டத்துல எனக்குக் கோபம் இல்லாத ஒரே ஆளு நீங்கதான். அதனாலதான் உங்களை அனுப்பியிருக்காங்க. பழைய ஆளுங்க யாருக்கும் என் வீட்டுப் படி ஏறத் தைரியம் கிடையாது.

என்ன சொல்லச் சொன்னாங்கன்னும் நானே சொல்றேன். வர்ற ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்குக் கனகமணி வரப்போகுது. எல்லார் முன்னாலயும் அதுகிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும். கேட்டா என்னை மறுபடியும் வட்டத்துல சேத்துக்குவாங்க. கேக்காட்டி அவங்க பாட்டுக்கு நடத்திக்குவாங்க. இதானே? தலையாட்டுறீங்க. நான் ஆரம்பிச்ச வட்டம் சார் அது. என் கையால பாய் விரிச்சு, என் கையால கூட்டி அள்ளி நடத்துன வட்டம். என்னைச் சேத்துக்குவாங்களாம்.

கேக்கமாட்டேன். அதை முதல்லயே சொல்லிடுறேன், நீங்க காபி குடிச்சுட்டு நிம்மதியாப் போகலாம். ஆனா அவங்க சொன்ன கதையை மட்டும் கேட்டுட்டு நீங்க போகக்கூடாது. ஒரு கேசுன்னா ரெண்டு பக்கமும் விசாரிக்கணும். நான் சும்மா சொல்லலை, இன்சூரன்ஸ் கம்பெனியில க்ளெய்ம் பிரிவுல இருந்து ரிட்டயர் ஆனவன். எரிஞ்சுபோன கடை தானா எரிஞ்சுதா, எரிச்சாங்களான்னு போய்ப் பாக்குறதுதான் என் வேலையே. இந்த விருதுநகர்ல எத்தனை முதலாளி என்னைக் கண்டா எச்சில் முழுங்குவாங்க தெரியுமா?

வட்டத்தோட விதி என்னன்னு உங்களுக்கு யாராவது ஒழுங்காச் சொன்னாங்களா? சொல்லியிருக்கமாட்டாங்க. இப்பல்லாம் அங்க விதியே கிடையாதுன்னு கேள்வி. எங்க காலத்துல துப்பறியும் நாவல் மட்டும்தான். கவிதை கூடாது, ஆன்மிகம் கூடாது, அரசியல் பேசுனா வெளிய. பழைய துப்பறியும் நாவல், அட்டை கிழிஞ்சு ஓரம் பழுப்பேறி, வாசிச்சா மூக்குல தூசி ஏறும், அந்த மாதிரிப் புத்தகம். பாரூக்கோட போட்டோ ஸ்டூடியோ மாடியில உக்காருவோம். பின்னால அருவி வரைஞ்ச திரை தொங்கும். அந்த அருவிக்கு முன்னால உக்காந்து நாங்க கொலையப் பத்திப் பேசுவோம்.

எந்தப் புத்தகமும் ஒரு பிரதிக்கு மேல கிடைக்காது, பழசுல்ல. அதை முதல்ல நான் வாசிப்பேன். வாசிச்சுட்டு, கடைசி அத்தியாயத்தை மட்டும் சேத்துப் பிடிச்சு ஊசி நூலால தைச்சுடுவேன். ஓரத்துல அஞ்சு ஓட்டை, கறுப்பு நூலு, கடைசியில ரெட்டை முடிச்சு. அதுக்கப்புறம் புத்தகம் ஒவ்வொரு வீடாப் போகும். தைச்ச இடம் வரைக்கும் எல்லாரும் வாசிச்சுட்டு வரணும். கூட்டத்தன்னைக்கு ஒவ்வொருத்தரா எந்திரிச்சு, இவன்தான் கொலைகாரன், இன்ன காரணம்னு சொல்லணும். எல்லாரும் சொல்லி முடிச்சப்புறம் பாரூக் கத்தரிக்கோல் கொண்டாருவான். நூலை வெட்டி நான் சத்தமா வாசிப்பேன். கத்தரி போடுறதுன்னு அதுக்குப் பேரு. கத்தரி போடுற வரைக்கும் முடிவு தெரிஞ்ச ஆளு நான் ஒருத்தன்தான், என் வாயிலேருந்து ஒரு அட்சரம் வராது. இதுதான் விதி. இந்த விதி இல்லாட்டி அது வாசகர் வட்டம் இல்லை சார், டீக்கடை பெஞ்சு.

என்ன சண்டை போடுவோம்ங்கிறீங்க. கதையில எவ அழுகுறாளோ அவளைத்தான் எஸ்தர் டீச்சருக்குச் சந்தேகம். பள்ளிக்கூடத்துல அத்தனை வருசம் பிள்ளைகளைப் பாத்த பழக்கம். பாரூக்குக்கு நேரம்தான் எல்லாம். ரயில் எத்தனை மணிக்கு, விளக்கு எத்தனை மணிக்கு அணைஞ்சுதுன்னு பிடிச்சுக்குவான், விடமாட்டான். துப்பு எல்லாத்தையும் வாசகன் கண்ணு முன்னால போட்டுட்டு அப்புறம் ஏமாத்துறவன்தான் நல்ல எழுத்தாளன், கடைசியில ஒரு ரகசியத் தம்பியைக் கொண்டாந்து நிறுத்துறவன் ஏமாத்துக்காரன்னு ஒரு தடவை பெரிய சண்டை. ரெண்டு பேர் செருப்பை மாட்டிக்கிட்டுக் கீழ இறங்கிப் போயிட்டு, டீ குடிச்சுட்டுத் திரும்பி வந்தாங்க.

அப்புறம் சௌந்தரபாண்டி.

சௌந்தரபாண்டி இரும்புக்கடைக்காரன். கம்பி, ஆணி, தாழ்ப்பாள் விக்கிறவன். எனக்கு எட்டாம் கிளாஸ்லேருந்து கூட்டாளி. என்னை மாப்ளன்னுதான் கூப்பிடுவான். அவன் இத்தனை வருசத்துல ஒரு தடவைகூட கொலைகாரனைச் சரியாச் சொன்னது கிடையாது. சத்தியமாச் சொல்றேன், ஒரு தடவைகூட. ஆனா எந்திரிச்சு நின்னா ஐகோர்ட்டு வக்கீல் மாதிரி நிப்பான். வேட்டியை ஒரு கையால பிடிச்சுக்கிட்டு, "கனம் கோர்ட்டார் அவர்களே"ன்னு என்னைப் பாத்துக் கும்பிடுவான். செத்துப்போனவனையே கொலைகாரன்னு சொல்லியிருக்கான். ஒரு கதையில பூனையைச் சொன்னான். எல்லாரும் சிரிப்போம், அவனும் சிரிப்பான். நான் கத்தரி போட்டு வாசிச்சு முடிச்சதும், "அடுத்த தடவை பாரு மாப்ள"ம்பான். எல்லாத் தடவையும் அதேதான் சொல்லுவான்.

போன ஐப்பசியில ஒரு புத்தகம் கிடைச்சுது. பேரு சொல்லமாட்டேன், நீங்க இன்னும் வாசிச்சிருக்கமாட்டீங்க. மலை மேல எஸ்டேட் பங்களா, அடைமழை, பாலம் உடைஞ்சுபோச்சு, உள்ள மாட்டிக்கிட்டவங்கள்ல பெரியவர் ஒருத்தர் செத்துக் கிடக்காரு, கதவு உள்பக்கம் தாழ்ப்பாள். இவ்வளவுதான் சொல்லுவேன். நான் வாசிச்ச நல்ல புத்தகங்கள்ல அது ஒண்ணு. தைச்சுட்டு எல்லாரும் வாசிச்சாச்சு, கடைசியாப் பாண்டி வீட்டுக்குப் போச்சு. அது அங்க போன அதே வாரத்துலதான் அவனுக்கு மூச்சுத் திணறல் வந்து, மதுரையில தனியார் ஆஸ்பத்திரியில கொண்டுபோய்ச் சேத்தாங்க. நுரையீரல்ல தண்ணி கோத்திருக்குன்னாங்க.

நான் தினமும் போனேன் சார். தினமும் காலையில பஸ் ஏறி மதுரைக்குப் போவேன், சாயங்காலம் திரும்புவேன். இதை எஸ்தர் டீச்சர் உங்ககிட்ட சொன்னாங்களா? சொல்லியிருக்கமாட்டாங்க.

ஆஸ்பத்திரியில மூக்குல குழாயோட படுத்துக்கிட்டே பாக்கிப் பக்கத்தை வாசிச்சான். தைச்ச இடம் வந்ததும் எனக்காகக் காத்துக்கிட்டு இருந்திருக்கான். நான் போய் உக்காந்ததும், பேசவே மூச்சு வாங்குது, "மாப்ள, கண்டுபிடிச்சுட்டேன்டா"ன்னான். ஒரு ஆளைச் சொன்னான். காரணமும் சொன்னான். தாழ்ப்பாள் எப்படி வெளியேருந்து விழுந்திருக்கும்னு, அவன் கடையில விக்கிற தாழ்ப்பாளை வச்சுக் கையாலயே செஞ்சு காமிச்சான்.

சரியாச் சொல்லியிருந்தான் சார்.

அத்தனை வருசத்துல முதத் தடவையாச் சரியாச் சொல்லியிருந்தான். ஆனா முகத்துல காட்டலை. க்ளெய்ம்ல இருந்தவன் முகம் சார் இது, இதுல ஒண்ணும் தெரியாது. "சரிதானே? சொல்லுடா"ன்னான். "கத்தரி போடுறன்னைக்குத் தெரியும்"னேன். "நான் எப்படா மாடி ஏறி வர?"ன்னான். "குணமாகி வா, கூட்டத்தைத் தள்ளிவச்சிருக்கேன், நீ எந்திரிச்சு நின்னு கனம் கோர்ட்டார்னு சொல்லு, அப்புறம் வெட்டுவோம்"னேன். சிரிச்சான். சிரிச்சா இருமல் வருது, நர்சு வந்து என்னைத் திட்டுனா.

மறுநாளும் கேட்டான். அதுக்கு மறுநாளும் கேட்டான். நான் அசையலை.

எஸ்தர் டீச்சர் ஒரு நாள் பாக்க வந்தாங்க. என்னை வராண்டாவுக்குக் கூட்டிட்டுப் போய், "தெய்வநாயகம், இவ்வளவு கேக்குறாரு, சொல்லிட்டா என்ன? டாக்டர் சொன்னது உங்களுக்குத் தெரியும்ல?"ன்னாங்க. தெரியும்னேன். "அப்புறம் நீங்கல்லாம் மனுசனா?"ன்னாங்க. என்னைப் பாத்துக் கேட்டாங்க சார், அத்தனை பேரு போற வர்ற வராண்டாவுல. நான் திரும்பிப் பாண்டி கட்டிலுக்கே போயிட்டேன். காரணம் சொல்லியிருந்தாலும் அவங்களுக்குப் புரிஞ்சிருக்காது.

உங்களுக்குச் சொல்றேன், புரியுதா பாருங்க. கடைசி அத்தியாயம் பாக்கி இருக்கும்போது பாண்டி ஒரு புத்தகத்தையும் கீழ வச்சதில்லை. கல்யாண வீட்டுல பந்தியில உக்காந்துக்கிட்டு இலைக்குப் பக்கத்துல புத்தகத்தை வச்சு வாசிச்சவன் அவன். முடிவு தெரியாம அவனால போகமுடியாதுன்னு நெனச்சேன். நான் சொல்லாம இருக்கிற வரைக்கும் அவன் இருப்பான்னு நெனச்சேன். சொல்லிட்டா முடிஞ்சுபோச்சுல்ல, அப்புறம் அவனுக்கு என்ன வேலை அந்தக் கட்டில்ல? பைத்தியக்காரத்தனம்தான். டாக்டர் மருந்தை நம்புனாரு, நான் தையலை நம்புனேன். அதுல என்ன தப்பு?

சனிக்கிழமை விடியக்காலம் போயிட்டான். நான் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன், போன் வருது. கடைசி அத்தியாயத்தை அப்படியே போட்டுட்டுப் போயிட்டான். எனக்கு அழுகை வரலை சார், கோபம்தான் வந்துச்சு. இப்பவும் அதுதான் வருது.

சரி. காரியமெல்லாம் நடந்துச்சு, நான்தான் முன்னால நின்னு எல்லாம் பாத்தேன். அந்தப் புத்தகத்தை அவன் துணிமணியோட சேத்துப் பையில போட்டுக் கொடுத்தாங்க. வீட்டுக்கு வந்து எடுத்துப் பாக்குறேன். தையல் என் தையல் இல்லை.

நூலு கறுப்புதான். ஓட்டையும் அஞ்சுதான். ஆனா நான் மேலேருந்து கீழ தைப்பேன், இது கீழேருந்து மேல ஏறியிருக்கு. முடிச்சு ஒத்தை முடிச்சு. யாரோ வெட்டிப் பாத்துட்டுத் திரும்பத் தைச்சிருக்காங்க. உங்க இடத்துல வேற ஒருத்தர்னா, போனது போகட்டும்னு விட்டிருப்பாங்க. நான் விடுவேனா? யாரு வெட்டுனா? பாண்டி படுத்துக் கிடக்கையில யாரு அந்தப் புத்தகத்தைத் தொட்டா? பாரூக்கை விசாரிச்சேன். ஆஸ்பத்திரிக்கு எப்ப வந்தே, எவ்வளவு நேரம் இருந்தே, புத்தகம் எங்க இருந்துச்சுன்னு கேட்டேன். அவன் என்னைப் பாத்து, "பாய், உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"ன்னான். பாத்தீங்களா, அவன்தான் பாய், என்னைப் பாய்ங்கிறான். பயத்துல உளறுறான்னு அவன் மேலதான் எனக்கு முதச் சந்தேகம். அப்புறம் எஸ்தர் டீச்சரைக் கேட்டேன். அவங்க கதவைச் சாத்திட்டாங்க.

அதுக்குள்ள பதினாறாம் நாள் வந்துருச்சு. பாண்டி வீட்டுல சொந்தக்காரங்கள்லாம் கூடியிருக்காங்க. சாமியானா போட்டு, பந்தி நடந்துக்கிட்டிருக்கு. துப்பறியும் நாவல்ல எல்லாம் கடைசியில எப்படி நடக்கும்? சம்பந்தப்பட்ட எல்லாரையும் ஒரே இடத்துல உக்காரவச்சுத்தானே கேப்பாங்க? எல்லாரும் அங்கதான் இருந்தாங்க. வேற எப்ப கேக்க? புத்தகத்தைக் கையில எடுத்துக்கிட்டு நடுவுல போய் நின்னேன். இந்தத் தையலைப் பிரிச்சது யாருன்னு கேட்டேன்.

சாப்பிட்டுக்கிட்டிருந்தவங்க எல்லாம் கையை நிறுத்திட்டாங்க. பாண்டியோட மச்சினன் வந்து என் சட்டையைப் பிடிச்சான். அப்பத்தான் உள்ளேருந்து பாண்டி பொண்டாட்டி கனகமணி வந்துச்சு.

"அண்ணே, நான்தான் பிரிச்சேன்"னுச்சு.

அது புத்தகத்தைத் தொடாது சார். கொலைப் புத்தகம்னு வீட்டுக்குள்ள வைக்கவே விடாது. பாண்டி அரிசிப் பானைக்குப் பின்னால ஒளிச்சு வச்சுத்தான் வாசிப்பான். சந்தேகப்பட வேண்டிய கடைசி ஆளு. நான்கூட அதைக் கணக்குல எடுக்கலை.

"நர்சம்மாகிட்ட கத்தரிக்கோல் வாங்கி நான்தான் வெட்டுனேன்"னுச்சு. "உங்ககிட்ட கேட்டுக் கேட்டு ஓஞ்சுபோயிட்டாக அண்ணே. பாக்க முடியலை. எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். மத்தியானச் சாப்பாடு ஆனதும் ஆரம்பிச்சேன், பொழுதடைஞ்சுபோச்சு. அந்தப் பேரு வந்ததும் என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாக. நான் சரியாச் சொல்லிட்டேன் பாத்தியா, சரியாச் சொல்லிட்டேன் பாத்தியான்னு சொல்லிக்கிட்டே இருந்தாக. அப்புறம், திரும்பத் தைச்சு வச்சுரு, மாப்ளைக்குத் தெரியவேண்டாம், அவன் வாயால சொல்லட்டும், அவன் சொல்லிக் கேக்கணும்னாக."

அது புதன்கிழமை சார். அந்தப் பொம்பளை வாசிச்சுக் காட்டுனது புதன்கிழமை. வியாழக்கிழமை நான் போனேன், "யாருடா மாப்ள?"ன்னு கேட்டான். வெள்ளிக்கிழமை போனேன், என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "நான் சொன்னது சரிதானடா? ஒரு வார்த்தை சொல்லுடா"ன்னு கேட்டான். தெரிஞ்சுக்கிட்டே கேட்டிருக்கான். எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு, ஒண்ணும் தெரியாதவன் மாதிரி என் மூஞ்சியைப் பாத்துக் கேட்டிருக்கான். க்ளெய்ம்ல எத்தனை பேரை மடக்குனவன் நான், எனக்கே தெரியலை. இது ஏமாத்து வேலையா இல்லையா, நீங்களே சொல்லுங்க. எனக்குப் பரீட்சை வைக்க இவன் யாரு?

அதைத்தான் அங்க கேட்டேன். புருசனும் பொண்டாட்டியுமாச் சேந்து விதியை மீறிட்டீங்க, வட்டத்தை ஏமாத்திட்டீங்கன்னு சொன்னேன். கனகமணி முகத்துக்கு நேராச் சொன்னேன். அது உள்ள போயிருச்சு. அதுக்குத்தான் என்னை வட்டத்துலேருந்து வெளிய தள்ளுனாங்க. துக்க வீட்டுல இப்படிப் பேசலாமாங்கிறாங்க. நானும் துக்கக்காரன்தான் சார். அதை யாராவது கேட்டாங்களா?

இன்னொண்ணு சொல்றேன். அந்த வெள்ளிக்கிழமை டாக்டர் வந்து அவனைப் பாத்துட்டுப் போனாரு. அவரு ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சுல வைக்கும்போது பாண்டி என்னைப் பாத்துக் கண்ணடிக்கிறான். குழாயும் கையுமாக் கிடக்கிறவன், கண்ணடிக்கிறான் சார். நான் என்ன செஞ்சேன்? முகத்தை இறுக்கிக்கிட்டு ஜன்னலைப் பாத்தேன். எங்க என் முகத்துலேருந்து கண்டுபிடிச்சுருவானோன்னு ஜன்னலைப் பாத்தேன். ஏன்னா கதையில டாக்டர்தானே கொன்னது. அந்த எஸ்டேட் டாக்டர்தான். ஆமாடா, டாக்டர்தான்டா, நீ சொன்னது சரிதான்டா.

சொல்லிட்டேன் பாத்தீங்களா? இத்தனை வருசத்துல இதுவரைக்கும் யாருக்கும் சொன்னதில்லை. உங்க பேருகூட நான் இன்னும் கேக்கலை, உங்ககிட்ட சொல்லிட்டேன். எவ்வளவு நேரம் ஆச்சு இதைச் சொல்ல? அந்தப் புத்தகம் இனி உங்களுக்கு இல்லை, வேற எதாவது வாசிங்க.

எந்திரிக்காதீங்க, உக்காருங்க. டீச்சர்கிட்ட என்ன சொல்லணும்னு கேட்டுட்டுப் போங்க. கனகமணிகிட்ட நான் மன்னிப்புக் கேக்கமாட்டேன். முதல்ல பாண்டி எங்கிட்டக் கேக்கணும். தெரிஞ்சுக்கிட்டே கேட்டான்ல, அதுக்கு அவன் பதில் சொல்லணும். இந்தப் படியேறி வரட்டும், வந்து இங்க நின்னு, எதுக்கு அப்படி எங்கிட்டயே கேட்டுக்கிட்டு இருந்தான்னு எனக்குச் சொல்லட்டும். சொல்லிட்டான்னா நான் அந்த ஞாயித்துக்கிழமையே வர்றேன், யாரு கால்ல வேணாலும் விழறேன்.

வரச் சொல்லுங்க சார் அவனை.